கத்தோலிக்கத் தனியார் ஆண்கள் பள்ளியில் படித்த அனுபவம் எப்படி இருக்கும்?

"கட்டணம் கட்டிப் பிள்ளையைக் கத்தோலிக்க ஆண்கள் பள்ளியில் விடும் அளவுக்கு அங்கே அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் படித்தது ஒன்றில்தான்: யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி. ஊர் வாயில் சம்பத்திரிசியார். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்தக் கட்டணம். நான் படித்த எட்டு வருடத்தில் படிப்புக்கென்று மாதக் கட்டணம் கட்டியதே இல்லை. ஆனாலும் அது அரசாங்கப் பள்ளிக்கூடம் அல்ல, தனியார்தான். இதற்குப் பின்னால் ஒரு பழைய இழுபறி இருக்கிறது.

1960இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவின் அரசாங்கம், அரச உதவி பெறும் பள்ளிகளைக் கையேற்கச் சட்டம் கொண்டுவந்தது. கத்தோலிக்கப் பெற்றோர் பல இடங்களில் பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே போய்க் குடியிருந்து மறித்தார்கள். சமரசம் பேசப் பம்பாயிலிருந்து கர்தினால் கிரேசியஸ் வந்தார். கடைசியில் பெரும்பாலான பள்ளிகள் கைமாறின. பெரிய கல்லூரிகளுக்கு மட்டும் ஒரு வழி விட்டார்கள். தனியாராகவே இருக்கலாம், ஆனால் அரசாங்கக் காசும் வராது, பிள்ளைகளிடம் கட்டணமும் வாங்கக்கூடாது. கையைக் கட்டிவிட்டுக் கிணற்றில் நீந்தச் சொன்ன கதைதான். சம்பத்திரிசியார் அந்த வழியைத்தான் எடுத்தது.

ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது பல வருடங்கள் கழித்து. என் அப்பா படித்தது அந்த இடைக்காலத்தில். "சாமிமார் நன்கொடைக்கு வந்தால் ஒளிக்க ஏலாது, சைக்கிளை முற்றத்தில் விட்டுட்டு வந்து திண்ணையில இருந்திடுவினம்" என்பார். பாட்டி தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ச் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்ப்பாராம். இத்தனைக்கும் நாங்கள் சைவக்காரர்.

வரலாறு என்று பார்த்தால், தொடக்கம் 1850. ஆயர் பெத்தாக்கினி ஆண்டகை காலத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளியாக ஆரம்பித்து, 1881இல்தான் இன்றைய பெயர் வந்தது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏன் அயர்லாந்தின் பாதுகாவலர் பெயர் என்று சின்ன வயதில் யோசித்ததுண்டு. நடத்திய அமலமரித் தியாகிகள் சபைச் சாமிமாரில் அயர்லாந்துக்காரர் பலர் என்பது பிறகுதான் விளங்கியது. தமிழாராய்ச்சியை உலக அரங்குக்குக் கொண்டுபோன தனிநாயகம் அடிகள் இங்கே படித்தவர் என்று ஒவ்வொரு பரிசளிப்பு விழாவிலும் யாராவது ஒருவர் சொல்லாமல் விடமாட்டார். எங்களுக்குக் காது புளித்துப் போனது. இப்போது நானும் அதையே சொல்கிறேன், பாருங்கள்.

அயர்லாந்துச் சாமிமாரில் லோங் அடிகளாரை மட்டும் தாண்டிப் போக முடியாது. கல்லூரியின் அதிபராக இருந்தவர், யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எழுப்ப முன்நின்றவர்களில் ஒருவர். அவருடைய சிலை நூலக வளவில்தான் இருக்கிறது. வாசலில் சரசுவதி, உள்ளே ஒரு பாதிரியார்! 1981இல் நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே மொழியறிஞர் தாவீது அடிகளார் உயிர்விட்டார். எங்கள் மாஸ்டர்மார் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் அன்று பாடம் நடக்காது. நாங்களும் கேள்வி கேட்பதில்லை.

சரி, வகுப்பறை எப்படி? எனக்கு முதலில் நினைவு வருவது பன்னிரண்டு மணி மணியோசை. கணக்கு மாஸ்டர் பலகையில் பாதிச் சமன்பாட்டில் நிற்பார். சோக்கட்டியை வைத்துவிட்டுத் திரும்புவார், நாற்பது கதிரைகள் ஒரே நேரத்தில் சீமெந்துத் தரையில் உராயும், மூவேளைச் செபம் தொடங்கும். சைவப் பெடியன்கள் சொல்லத் தேவையில்லை, சும்மா எழும்பி நின்றால் போதும். ஆனால் தினமும் கேட்டால் வாயில் ஒட்டாமல் இருக்குமா? தேவாரம் ஒன்று முழுதாகப் பாடமாவதற்கு முன்பே எனக்கு "அருள் நிறைந்த மரியே" பாடமாகிவிட்டது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் மனக்குறைதான். அப்பா பேசாமல் சிரித்தார். அவருக்கும் அது முழுதாகத் தெரியும்.

ஆண்கள் மட்டும் என்பதில் நல்லதும் இருக்கிறது, சனியனும் இருக்கிறது. பட்டப்பெயர் இல்லாமல் யாரும் தப்ப முடியாது. எனக்கு வந்ததை இங்கே எழுதப் போவதில்லை. அழுகிறவனை எப்படித் தேற்றுவது என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. முதுகில் ஒரு அடி போடுவோம், அவ்வளவுதான்.

அப்புறம் பெரிய மெட்ச். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியுடன் நடக்கும் துடுப்பாட்டம், 'பொன் அணிகளின் போர்' என்பார்கள். ஒரு பக்கம் அயர்லாந்துச் சாமிமார் வளர்த்த பள்ளி, மறுபக்கம் அமெரிக்க மிஷன் வளர்த்த பள்ளி. மண்டையைப் போட்டு உடைப்பதோ இங்கிலாந்துக்காரனின் ஆட்டத்துக்காக. உண்மையில் பள்ளிக்குப் பக்கத்துக் குருநகர்ப் பெடியன்களின் உயிர் உதைபந்தில்தான்.

இப்போது நான் இருப்பது ரொறன்ரோவில். இங்கே புதிதாக ஒரு யாழ்ப்பாணத்தாரைக் கண்டால் முதலில் ஊர், அடுத்து பள்ளிக்கூடம், பிறகுதான் பெயர். பழைய மாணவர் சங்கத்தின் இரவு விருந்தில் யாராவது செபத்தைத் தொடங்கினால் திருநீறு பூசிய பாதிப்பேர் தட்டுத் தடங்கலில்லாமல் முடித்துவைப்பார்கள். சாப்பாடு முடிகிற நேரத்தில் காசாளர் கொப்பியோடு மேசை மேசையாக வருவார். இந்த வருடம் கூரை, போன வருடம் மைதானம். எட்டு வருடம் கட்டாத கட்டணம், நான் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.