ஆவாரை கேட்டால் நிலாவாரை வருகிறதா?

கேள்வி: சர்க்கரைக்கு நல்லது என்றார்களே என்று நாட்டு மருந்துக் கடையில் ஆவாரைப் பொடி கேட்டு வாங்கி, இரவில் ஒரு ஸ்பூன் வெந்நீரில் குடித்தேன். விடிகாலையில் வயிறு முறுக்கி நாலைந்து தடவை போய்விட்டது. பொட்டலத்தில் ‘நிலாவாரை’ என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. குடும்பம் ஒன்று, குணம் வேறு.

ஆவாரை என்பது கரட்டிலும் சாலையோரத்திலும் மஞ்சளாகப் பூத்து நிற்கிற புதர். குறிஞ்சிப்பாட்டின் ‘விரிமலர் ஆவிரை’ இதுதான். பேச்சில் ஆவாரை, ஆவாரம் என்றாகிவிட்டது. பொங்கல் காப்புக்கட்டுக்கு வேப்பிலை, பூளைப்பூவோடு இதைத்தான் செருகுகிறோம். தோல் பதனிட இதன் பட்டை ஒரு காலத்தில் மூட்டை மூட்டையாகப் போனது.

நிலாவாரை சிறு செடி. நிலவேம்பு, நிலப்பனை மாதிரி இதற்கும் முன்னால் ‘நில’ ஒட்டிக்கொண்டது. தென்மாவட்டங்களில் பயிரிட்டுத் தூத்துக்குடி வழியாக ஏற்றுமதி செய்வார்கள். வெளிநாட்டுச் சந்தையில் இதற்குத் ‘டின்னவெல்லி (திருநெல்வேலி) சென்னா’ என்றே பெயர். இதன் இலையில் உள்ள சென்னோசைடு என்ற பேதிப் பொருள், பெருங்குடலுக்குப் போன பிறகுதான் வேலையைத் தொடங்கும். அதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இரவில் குடித்தது விடிகாலையில் வேலையைக் காட்டியது அதனால்தான். மலச்சிக்கலுக்கு எப்போதாவது சரி, தினமும் குடிக்கிற பொடி அல்ல. இப்போதைக்கு நிறுத்திவிட்டு உப்பு, சர்க்கரை அளவாகக் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் குடியுங்கள். போக்கு நிற்காவிட்டாலோ தலைசுற்றினாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இனி கடையில் ‘ஆவாரை’ என்று மொட்டையாகக் கேட்காமல் ‘காய்ந்த ஆவாரம்பூ’ என்று கேளுங்கள். பூவாக வாங்கினால் இதழ் கண்ணுக்குத் தெரியும். பொடியில் அந்த வசதி இல்லை. பச்சையாக இருந்தால் இலைப்பொடி என்று சந்தேகப்படலாம், அவ்வளவுதான்.

செடியிலிருந்தே பறிப்பதென்றால், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். ஆவாரையில் அங்கே காது மடல் போல அகலமான பச்சைச் செதில் இருக்கும். அதன் தாவரவியல் பெயரில் உள்ள ‘ஆரிக்குலேட்டா’ அந்தக் காதைத்தான் சொல்கிறது. காய் தட்டையாக, காய்ந்ததும் காகிதம் போல மெலிந்திருக்கும். இதே குடும்பத்துப் பேயாவாரைக்கும் மஞ்சள் பூதான், ஆனால் அந்தக் காது கிடையாது. பேயாவாரையின் விதை நச்சு, குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர் என்றால் ஆவாரம்பூத் தண்ணீரைத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறிக் குறைத்துவிடலாம். பூத்தண்ணீரை நம்பி மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.