படிப்பை நிறுத்த வேண்டாம். மூன்று வட்டியை நிறுத்துங்கள்

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் ஓடியபோது சனிக்கிழமைச் சம்பளம் 7,500 ரூபாய்க்குக் குறையாது. அமெரிக்க வரி உயர்ந்த பிறகு வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு ஷிப்ட்தான். கைக்கு வருவது 4,200. மனைவி வீட்டிலிருந்தே பிசிறு வெட்டி மாதம் 3,000 சம்பாதிக்கிறாள். மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கலந்தாய்வில் கிடைத்த இடம், கல்லூரிப் பேருந்தும் சேர்த்து ஆண்டுக்கு 95,000. முதல் இரண்டு ஆண்டுக்கும் தலா 80,000 ரூபாயைத் தங்கையின் கணவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கிக் கட்டினேன். அவர் நடத்தும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டிலும் மாதம் 5,000 போடுகிறேன். 20 மாதத்தில் 13 முடிந்திருக்கிறது. ஜனவரியில் 48,000 கட்ட வேண்டும். ஒரு வருடம் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறாள் மகள். தை மாதம் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீருக்கு 30,000 ஆகும். பெண் பிள்ளையின் பெயரில் வங்கிக் கடன் வாங்க மனம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து மாப்பிள்ளையிடமே இன்னும் 80,000 வாங்கிவிடலாமா, அல்லது கல்லூரியில் சொல்லும் செயலி மூலம் ‘வட்டியில்லாத் தவணை’ எடுக்கலாமா?

பதில்: 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது முதல் உங்கள் ஊரிலிருந்து வரும் கடிதங்களில் பாதி இதே தொனியில்தான் இருக்கின்றன. செலவைக் குறையுங்கள், வரவு செலவு எழுதுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. வாரச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். முதல் பட்டதாரிச் சலுகையை வாங்கிவிட்டீர்களா என்றும் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்தியது ஒன்றே ஒன்றுதான், அதுவும் மகளின் கட்டணம் அன்று.

மூன்று வட்டி என்பது ஆண்டுக்கு 36 விழுக்காடு. முதல் 80,000 ரூபாயை 2023 ஆகஸ்டிலும் அடுத்ததை 2024 ஆகஸ்டிலும் வாங்கியிருந்தால், 2025 டிசம்பர் வரை முதல் கடனுக்கு 28 மாத வட்டி 67,200, இரண்டாவதற்கு 16 மாத வட்டி 38,400, ஆக மொத்தம் 1,05,600 ரூபாயைக் கட்டியிருக்கிறீர்கள். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மகளுக்கு ஓராண்டு முழுவதும் கட்ட வேண்டிய தொகையைவிடப் பத்தாயிரம் அதிகமாக வட்டியிலேயே போய்விட்டது. இப்போது இன்னும் 80,000 வாங்கினால் வட்டி மட்டும் மாதம் 7,200 ஆகும், அதோடு சீட்டுக்கு 5,000. உங்கள் இருவரின் வருமானமும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 21,000 என்னும்போது, அதில் பாதிக்கு மேல் ஒரே வீட்டுக்குப் போய்ச் சேரும்.

அந்த வீடு பெண் கொடுத்த இடம் என்பதுதான் சிக்கல். கடன் கொடுத்தவர் அவர், சீட்டு நடத்துபவர் அவர், சீர் எதிர்பார்ப்பவரும் அவரே. கடன் வாங்கிய இடத்தில் சீரைக் குறைத்துச் செய்ய நாக்கு எழாது, அதனால் சீருக்கும் அவரிடமே கடன் கேட்கிறீர்கள். அவர் கொடுத்த பணம் சீராகத் திரும்பி அவர் வீட்டுக்கே போகும், அதற்கு மாதம் 900 ரூபாய் வட்டியை நீங்கள் கட்டிக்கொண்டிருப்பீர்கள். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது, ஆனால் தங்கையின் வாழ்க்கையோடு பின்னிய விஷயத்தில் அந்த வழியை நான் சொல்லமாட்டேன். கடனைத் திருப்பிக் கொடுத்து வெளியே வருவதுதான் மரியாதையான வழி, அதற்கு உங்களிடம் வசதியும் இருக்கிறது.

முதலில் சீட்டு. 13 தவணை கட்டியும் நீங்கள் இன்னும் எடுக்கவில்லை. முடியப்போகும் சீட்டில் தள்ளு, அதாவது ஏலத்தில் விட்டுக்கொடுக்க வேண்டிய தொகை, அதிகம் போகாது. கழிவு, நடத்துபவரின் பங்கு எல்லாம் போக 90,000 கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். வரும் மாத ஏலத்திலேயே எடுத்து, அந்தப் பணத்தை வீட்டுக்குக் கொண்டுவராமல் அங்கேயே அசலில் கழித்துவிடுங்கள். கடைசியில் எடுத்தால் முழுப் பணம் வருமே என்று காத்திருப்பது கணக்குக்கு ஒத்துவராது: 10,000 ரூபாய் தள்ளுக்கு யோசித்துக்கொண்டு, அதே மனிதரிடம் 90,000 ரூபாய்க்கு மாதம் 2,700 வட்டி கட்டினால் நான்கே மாதத்தில் அந்தத் தள்ளு கரைந்துவிடும். தவிர, 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யாமல் சீட்டு நடத்தக் கூடாது. சொந்தக்காரர்கள் நடத்தும் சீட்டுகளில் எத்தனை பதிவானவை என்பது உங்களுக்கே தெரியும். ஊரில் தொழில் படுத்திருக்கும் நேரத்தில், கட்டிய 65,000 ரூபாயை அப்படியொரு இடத்தில் கடைசி மாதம் வரை விட்டுவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மீதி அசல் 70,000. மனைவியிடம் நான்கு பவுன் இருப்பதாகவும், அது மகளின் கல்யாணத்துக்கு என்பதால் தொடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இன்றைய விலையில் இரண்டு பவுனுக்குள் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அந்த 70,000 கிடைத்துவிடும். ஒன்பதரை விழுக்காடு என்றாலும் வட்டி மாதம் 555 ரூபாய்தான். ஆக, இன்று நீங்கள் கட்டும் 4,800 ரூபாய் வட்டி 555 ஆகக் குறைகிறது. மிச்சமுள்ள சீட்டுத் தவணைகள் முடிந்ததும் அந்த 5,000 ரூபாயை மாதந்தோறும் நகைக் கடனில் அசலாகக் கட்டுங்கள். பதினான்கு, பதினைந்து மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைக்கும் வழக்கத்துக்குள் நுழைந்துவிட்டால், நான் மேலே போட்ட கணக்கு எதுவும் நிற்காது.

இனி மகளின் கட்டணம். இந்தப் பருவத்துக்கு 48,000, அடுத்த ஆண்டுக்கு 95,000, மொத்தம் 1,43,000 ரூபாய். இதற்குக் கல்விக் கடன்தான் என் பதில். கல்விக் கடன் முதலாம் ஆண்டிலேயே வாங்கினால்தான் உண்டு என்ற எண்ணம் தவறு. மீதமுள்ள பருவங்களுக்கும் வாங்கலாம். 4 லட்சம் வரை சொத்து அடமானமோ வெளியார் பிணையோ கேட்பதில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டியை 11 விழுக்காடு என்று தாராளமாகவே வைத்துக் கணக்குப் போட்டேன்: தவணை தொடங்கும் 2028 நடுப்பகுதியில் வட்டி ஏறத்தாழ 29,000 சேர்ந்து கடன் 1,72,000 ஆகியிருக்கும். ஏழு ஆண்டில் அடைக்க மாதம் 3,000 ரூபாய்க்குள்தான் வரும். அதே 1,43,000 ரூபாயை மாப்பிள்ளையிடம் வாங்கினால் நாளையிலிருந்தே மாதம் 4,290, அதுவும் வட்டி மட்டும்.

ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, தொழிற்கல்வியில், கல்லூரிக்கோ பாடப்பிரிவுக்கோ உரிய தரச்சான்று இருந்தால், தவணை தொடங்கும்வரை சேரும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் உண்டு. கிளையில் கட்டாயம் கேளுங்கள். ஆனால் வீட்டுக் கணக்கை அது வராது என்று வைத்தே போடுங்கள். படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு அந்த மானியம் கிடையாது என்பதை மகளுக்கும் சொல்லிவையுங்கள்.

பெண் பிள்ளை பெயரில் கடன் என்ற தயக்கத்தைப் பற்றி ஒன்று கேட்கிறேன்: அவள் படிப்பதற்காக 36 விழுக்காட்டில் ஏறும் கடன் அப்பாவின் பெயரில் இருந்தால் அது அவளைச் சுமக்க வைக்காதா? படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொல்வதே அந்தக் கடனால்தான். மாதம் 12,000 சம்பளம் கிடைத்தாலும் வட்டியும் சீட்டும் அதில் 9,800 ரூபாயை விழுங்கிவிடும், அடுத்த ஆண்டுக் கட்டணம் அப்படியே நிற்கும். ஏழாம் பருவத்தில்தான் கல்லூரிகளுக்கு நிறுவனங்கள் ஆள் எடுக்க வருகின்றன, அந்த வாய்ப்பும் ஓராண்டு தள்ளிப்போகும். உடல்நலக் காரணம் எதுவும் இல்லாத நிலையில், இடையில் நிற்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

செயலி பற்றி. ‘வட்டியில்லாத் தவணை’ என்பதற்கு நீங்கள் அனுப்பிய படத்திலேயே செயலாக்கக் கட்டணம் 2,400, அதன்மேல் ஜிஎஸ்டி 432 என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. 48,000 ரூபாயை மாதம் 8,000 வீதம் ஆறு மாதத்தில் கட்டுவதால் சராசரியாக உங்களிடம் இருக்கும் கடன் 28,000 ரூபாய்தான். அதற்கு ஆறு மாதத்தில் 2,832 என்றால் ஆண்டுக்கு 20 விழுக்காடு. வட்டி என்ற பெயர் இல்லை, அவ்வளவுதான். 8,000 ரூபாய்த் தவணையை இன்றைய சம்பளத்தில் எங்கிருந்து கட்டுவீர்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை. மகனின் படிப்புக்கு இப்போதே மாதம் 1,000 ரூபாய் எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) தொடங்கச் சொல்வதாக நீங்கள் எழுதியிருக்கும் நண்பரிடம், 36 விழுக்காடு உறுதியாகத் தரும் ஃபண்ட் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். அதுவரை கடனை அடைப்பதே உங்களுக்கான முதலீடு.

ஜனவரிக் கட்டணத்துக்கு வங்கிப் பணம் நேரத்துக்கு வராமல் போகலாம். ஆகவே இந்த வாரமே மகளுடன் கல்லூரிக்குப் போய், மீதமுள்ள மூன்று பருவங்களுக்கான கட்டண விவரச் சான்று வாங்குங்கள். கல்விக் கடனுக்கு விண்ணப்பித்திருப்பதைக் குறிப்பிட்டு, இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு முதல்வரிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள். கெடு தாண்டிய பிறகு போய் நிற்பவரிடம் பேசுவதுபோல, முன்கூட்டியே வருகிறவரிடம் அலுவலகம் பேசாது. முதல் தவணைக்கு மட்டும் நகைக் கடனில் 20,000 கூட வாங்கிக்கொள்ளலாம். கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணை, மதிப்பெண் பட்டியல்கள், இ-சேவை மையத்தில் வாங்கிய வருமானச் சான்று ஆகியவற்றோடு வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். மேலாளர் வாய்மொழியாக மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாவட்ட ஆட்சியர் நடத்தும் கல்விக் கடன் முகாமிலும் மனுவை வைக்கலாம். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்பதை எழுதவில்லை. வராவிட்டால் கல்லூரியில் அதற்கான பொறுப்பாளரைப் பாருங்கள்.

சீரைப் பற்றி மாப்பிள்ளையிடம் பேசாதீர்கள், தங்கையிடம் பேசுங்கள். அண்ணன் வீட்டில் வாரம் ஐந்து ஷிப்ட்தான் ஓடுகிறது என்பது திருப்பூரில் வாழும் தங்கைக்குப் புரியாததன்று. குழந்தைக்குத் தோடு, துணிமணி, தட்டுவரிசை என்று 8,000 ரூபாய்க்குள் கைப்பணத்தில் செய்யுங்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவதுதான் சடங்கு, அதற்குக் குறை வராது.

அசலை அடைக்கும் நாளில் நீங்கள் எழுதிக்கொடுத்த புரோநோட்டு இரண்டையும், கையெழுத்திட்ட காசோலை ஏதும் இருந்தால் அதையும், அங்கேயே திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தத்துக்குள் இதைக் கேட்பதா என்று கூச்சமாக இருந்தால் மனைவியை உடன் அழைத்துச் செல்லுங்கள்.