கிடங்கில் ரோபோக்கள் வந்துவிட்டால் ஸ்டாக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு என்ன வேலை இருக்கும்?

உங்கள் கேள்வியின் விளக்கத்தில், "இனி ரோபோவே இருப்பைப் பராமரித்து ஆர்டரையும் முடித்துவிடும், உங்கள் பிரிவைச் சுருக்கப் போகிறோம் என்று மேலாளர் சொல்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். நீங்கள் ஏதோ ஒரு மின்வணிகக் கிடங்கில் ஸ்டாக் பிரிவில் இருக்கிறீர்கள் என்றும், அடுத்த பண்டிகை விற்பனைக்குள் அங்கே ரோபோக்கள் இறங்கப் போகின்றன என்றும் எடுத்துக்கொள்கிறேன். பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையில் அப்படிப்பட்ட ஒரு கிடங்கில், ரோபோ வருவதற்கு முன்பும் வந்த பின்பும், இதே பிரிவின் மேற்பார்வையாளனாக இருந்தவன் நான். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் விவாதம் வேறு திசைக்குப் போய்விடும்.

ரோபோ இருப்பைப் பராமரிப்பதில்லை; அலமாரியைத் தூக்கிவருகிறது. தரையில் கட்டம் கட்டமாக ஒட்டப்பட்டிருக்கும் குறியீட்டு ஸ்டிக்கர்களைத் தன் அடிப்பக்கக் கேமராவால் படித்துக்கொண்டே ஓடி, 'பாட்' என்று நாங்கள் சொல்லும் அலமாரியின் அடியில் நுழைந்து, அதைச் சிறிது உயர்த்தி, ரோபோக்கள் ஓடும் பகுதியைச் சுற்றியிருக்கும் வேலிக்கு வெளியே, 'ஸ்டேஷன்' என்னும் வேலையிடத்தில் நிற்கும் பிக்கரின் (ஆர்டருக்கான பொருளை எடுப்பவரின்) முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. எந்தப் பாட், எந்த ஸ்டேஷனுக்கு, எந்த வழியில் என்பதை முடிவு செய்வது மையத்தில் இருக்கும் மென்பொருள். மூன்றாம் தட்டின் இரண்டாவது 'பின்'னில் (bin, சிறு அறையில்) ஒரு ஷாம்பு புட்டி இருக்கிறது என்று அந்த மென்பொருள் சொல்வதற்கு ஒரே ஆதாரம், முன்பொரு நாள் புட்-அவே ஸ்டேஷனில், அதாவது வந்த பொருளைப் பாட்களில் அடுக்கும் இடத்தில், நின்ற ஓர் ஆள் அந்தப் புட்டியை ஸ்கேன் செய்து அங்கே வைத்தார் என்பதுதான். அவர் கை தவறிப் பக்கத்துப் பின்னில் வைத்திருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த ரோபோவாக இருந்தாலும் இல்லாத பொருளைத்தான் தூக்கிவந்து காட்டும். நம்மை ஐந்தாம் மாடியில் சரியாக இறக்கிவிடும் லிஃப்டுக்கு, அந்த வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பது எப்படித் தெரியும்?

"கை எந்தப் பின்னுக்குள் போகிறது என்று கேமரா வைத்தே பார்க்கும் ஸ்டேஷன்கள் வந்துவிட்டன, நீங்கள் பழைய கதை பேசுகிறீர்கள்" என்று யாராவது பின்னூட்டம் இடுவார்கள். வந்திருப்பது உண்மைதான். கை எங்கே போனது என்பதை அவை சொல்லும்; கையில் இருந்தது சரியான பொருள்தானா என்பதற்கு அவையும் ஸ்கேனரைத்தான் நம்புகின்றன. அதில் எங்களுக்கு நேர்ந்ததைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன், இந்த முறை எதற்காக உருவாக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் மேலாளரின் குழப்பம் எங்கே தொடங்குகிறது என்பது புரியும். மிக் மவுன்ட்ஸ் என்பவர் வேலை பார்த்த வெப்வேன் என்ற அமெரிக்க மளிகை நிறுவனம், ஒவ்வோர் ஆர்டரையும் முடிக்க ஆகும் செலவைத் தாங்க முடியாமல் 2001-இல் திவாலானது. அந்தப் பாடத்திலிருந்து அவர் 2003-இல் தொடங்கியதுதான் கீவா சிஸ்டம்ஸ். பீட்டர் வர்மன், ரஃபயெல்லோ டி'ஆண்ட்ரேயா ஆகியோர் உடன் சேர்ந்தார்கள். ரேக்குகளுக்கிடையே பொருள் எடுக்கும் ஆளின் நேரத்தில் ஏறத்தாழப் பாதி நடையிலேயே போய்விடுகிறது என்பது இத்துறைப் பாடநூல்கள் எல்லாம் சொல்லும் செய்தி. ஆள் பொருளைத் தேடிப் போவதற்குப் பதிலாகப் பொருள் ஆளைத் தேடி வரட்டும் என்பதே அவர்களுடைய யோசனை. ஆக, இந்த ரோபோ பிறந்தது நடையை மிச்சப்படுத்துவதற்காக. அமேசான் 2012-இல் 77.5 கோடி டாலருக்குக் கீவாவை வாங்கி, பிறகு அந்த ரோபோக்களை வெளியாருக்கு விற்பதை நிறுத்திக்கொண்டதால்தான் மற்ற நிறுவனங்களுக்குச் சந்தை திறந்தது. பிலானி பிட்ஸ் மாணவர்களாக இருந்த சமய் கோஹ்லியும் ஆகாஷ் குப்தாவும் 2011-இல் தொடங்கிய கிரேஆரஞ்ச் நம் நாட்டில் வளர்ந்ததற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம். 2025 ஜூலையில் அமேசான் தன் பத்து லட்சமாவது ரோபோவை இறக்கியதாக அறிவித்தது. அப்போதும் அங்கே வேலை பார்த்தவர்கள் ஏறத்தாழப் பதினைந்து லட்சம் பேர்.

இனி எங்கள் கிடங்கில் நடந்தது. ரோபோக்கள் வந்த பிறகு வந்த முதல் பண்டிகை விற்பனையின்போது, ஒரு சோப்பின் நான்கு எண்ணம் கொண்ட பேக் தொடர்ந்து ஷார்ட்டேஜ் காட்டியது. லாரியிலிருந்து இறக்கி, அட்டைப்பெட்டிகளை எண்ணி, ஜி.ஆர்.என். (சரக்கு வந்ததற்கான பதிவு) போட்டதெல்லாம் சரியாக இருந்தது. பாட்களில் ஏறிய கணக்கு மட்டும் குறைந்தது. அதே சோப்பின் ஒற்றைக் கட்டி, வரவேண்டியதைவிட அதிகமாக இருப்பதாகக் கணினி சொன்னது. இரண்டு வரிகளும் அறிக்கையில் வெவ்வேறு பக்கங்களில் இருந்ததால், யாரும் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. குறைவு பணம், மிகுதி வெறும் எண் என்பதுதான் மேலிடத்தின் பார்வை. குறைவு என்றால் அவர்களுக்கு முதலில் தோன்றுவது திருட்டு.

ஆகவே வாயிலில் சோதனை கடுமையானது. ஷிஃப்ட் முடிந்து வெளியேறும் பெண்கள் சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டி, வரிசையில் நின்று, ஒவ்வொருவராக வெளியே வர வேண்டியிருந்தது. எங்களிடம் பேக்கிங்கில் இருந்தவர்களில் பலர் கோலார் தங்கவயலிலிருந்து வரும் தமிழ்ப் பெண்கள். கம்பெனி பேருந்தில் வைட்ஃபீல்டு ஸ்டேஷனுக்குப் போய் அங்கிருந்து ரயிலைப் பிடிப்பவர்கள். சோதனை நீண்டால் ரயில் போய்விடும். அடுத்த ரயிலில் ஊர் போய்ச் சேர்ந்து, விடியுமுன் மறுபடி கிளம்ப வேண்டும். ஒரு ரோபோ நின்றுவிட்டால் உடனே ஓடிவந்து பார்ப்பதற்குப் பொறியாளர் இருந்தார்; இவர்கள் ரயிலைத் தவறவிடுவதைக் கேட்பதற்கு அந்தக் கட்டடத்தில் எவரும் இல்லை.

கடைசியில் விஷயத்தைக் கண்டுபிடித்தவர் அந்தப் பெண்களில் ஒருவர்தான். பேக்கிங் மேசையில் ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு, "சார், ஒரு சோப்புன்னு ஸ்க்ரீன் சொல்லுது, ஒரு சோப்பு இந்தக் கனம் கனக்காதே" என்றார். பார்த்தால் அது நான்கு எண்ணம் கொண்ட பேக். அந்தப் பேக்கைச் சுற்றியிருந்தது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை; பேக்குக்கான பார்கோடு ஒரு பக்கத்தில் இருக்க, உள்ளே இருந்த கட்டிகளின் பார்கோடுகள் மற்றொரு பக்கத்தில் உறை வழியாகப் பளிச்சென்று தெரிந்தன. புட்-அவே செய்த ஆள் அந்தப் பக்கத்தைக் காட்ட, ஸ்கேனர் உள்ளே இருந்த ஒற்றைக் கட்டியின் குறியீட்டைப் படித்திருக்கிறது. ஒரே லோடில் இரண்டு வகையும் வந்து, டோட்டில் (ஸ்டேஷனுக்குப் பொருள் வரும் பெட்டியில்) கலந்திருந்ததால் கணினியும் ஏற்றுக்கொண்டது. டோட் காலியானதும் கணினி காட்டிய கணக்கு வித்தியாசத்தை, விற்பனை நெருக்கடியில், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டிருந்தார்கள். பிக்கிங்கிலும் அதே குறியீடு படிக்கப்பட்டு, பச்சை விளக்கு எரிந்து, ஒரு சோப்பு கேட்டவருக்கு நான்கு சோப்புகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றுக்கு நான்காகப் பெற்ற வாடிக்கையாளர் எவரும் புகார் செய்யவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்பேட்சில் எடைப் பரிசோதனை இருந்தது. ஆனால் சிறிய பார்சல்களுக்கு அதன் வரம்பைத் தளர்த்தி வைத்திருந்ததால் அது வாயைத் திறக்கவே இல்லை.

இதில் ரோபோ ஒரு தவறும் செய்யவில்லை. கேட்ட பாட்டை, கேட்ட ஸ்டேஷனுக்கு, கேட்ட நேரத்தில் கொண்டுவந்தது. ஆனால் ரோபோ முறை வந்ததால்தான் அந்தத் தவறு அத்தனை நாள் ஒளிந்திருக்க முடிந்தது என்பதை நான் அழுத்திச் சொல்வேன். பழைய ரேக் முறையில் நான்கு எண்ணம் கொண்ட பேக் எல்லாம் ஓரிடத்தில் இருந்திருக்கும். கைக்கணினியோடு அந்த வழியே நடப்பவன் கண்ணில், ஒற்றைக் கட்டிக்கான தட்டில் பெரிய பேக் உட்கார்ந்திருப்பது உடனே பட்டிருக்கும். பாட் முறையில் ஒரே பொருளை வேண்டுமென்றே பல பாட்களில் சிதறவைப்பார்கள். எந்த ஸ்டேஷனில் ஆர்டர் விழுந்தாலும் அருகிலேயே ஒன்று கிடைக்க வேண்டும் என்பதற்காக. அந்தப் பாட்கள் நிற்கும் இடம் வேலிக்குள் இருப்பதால், ரோபோ ஓடும்போது அங்கே நாம் கால் வைக்க முடியாது. எண்ண வேண்டுமென்றால் பாட்களை ஒவ்வொன்றாக ஸ்டேஷனுக்கு வரவழைக்க வேண்டும். அதற்கு ஒதுக்கும் ஸ்டேஷன் அந்த நேரத்தில் ஆர்டர் எடுக்காது. விற்பனைக் காலத்தில் ஆபரேஷன்ஸ் மேலாளரிடம் போய், எண்ணுவதற்கு ஒரு ஸ்டேஷன் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர் உங்களைப் பார்க்கும் பார்வையிலேயே பதில் இருக்கும். இரவு ஷிஃப்டில், ஆர்டர் வேகம் குறையும் நேரத்தில், கெஞ்சி வாங்கிய ஸ்டேஷன்களில்தான் அந்தச் சோப்பு முழுவதையும் எண்ணித் திருத்தினோம். அதன் பிறகு, இன்வர்டிலேயே, அதாவது சரக்கு உள்ளே வரும் இடத்திலேயே, உள் பார்கோடுகளின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி மறைக்க ஓர் ஆளைப் போட்டார்கள். அடுத்து வந்த கூட்டத்தில், ரோபோ வந்ததால் இருப்புத் துல்லியம் கூடியிருப்பதாகத் திரையில் ஒரு வரைபடம் காட்டினார்கள். கணக்கு சேர்ந்தால் ரோபோவின் பெருமை, சேராவிட்டால் ஸ்டாக் பிரிவின் அலட்சியம் என்பது அங்கே எழுதப்படாத விதியாக இருந்தது. சோதனையில் நிறுத்தப்பட்ட பெண்களிடம் யாரும் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

எண்ணுவதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. கீவாவை உருவாக்கியவர்களில் ஒருவரான டி'ஆண்ட்ரேயாவே பின்னர் ஸ்விட்சர்லாந்தில் தொடங்கிய வெரிட்டி என்ற நிறுவனம், கிடங்கின் ரேக்குகளுக்கிடையே பறந்து இருப்பைப் பார்க்கும் ட்ரோன்களைச் செய்கிறது. ஐக்கியா தன் கிடங்குகளில் அவற்றைப் பயன்படுத்துகிறது. அலமாரி தூக்கும் ரோபோவைச் செய்தவருக்கே எண்ணுவது வேறொரு வேலை என்று பட்டிருக்கிறது என்பதை உங்கள் மேலாளரிடம் சொல்லலாம். ஆனால் ட்ரோன் பார்ப்பது உயர ரேக்கில் முகம் காட்டி நிற்கும் பேலட்டுகளை (சரக்கு அடுக்கிய பலகைகளை); பின்னுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடைந்துகிடக்கும் சோப்பையும் சீப்பையும் அதனால் பார்க்க முடியாது. கடைகளில் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டு ஊர்ந்துபோகும் பாஸா நோவா நிறுவன ரோபோக்களை வால்மார்ட் நூற்றுக்கணக்கான கடைகளில் வைத்திருந்து, ஆட்களைக் கொண்டே ஏறத்தாழ அதே பலன் கிடைக்கிறது என்று 2020-இல் நிறுத்திக்கொண்டதும் செய்தியில் வந்ததுதான்.

நான் ரோபோவுக்கு எதிரி என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். முன்பு ஷிஃப்ட் முழுவதும் நடந்து கால் வீங்கிப் போன பிக்கர்களைப் பார்த்தவன் நான். அந்த நடை ஒழிந்தது நல்லதே. ஆனால் அதற்குப் பதிலாக அவர்கள் ஒரே இடத்தில் நின்று, குனிந்து, எக்கி, பாட் வரும் வேகத்துக்குக் கையை ஓட்ட வேண்டியதாயிற்று. நடக்கும்போது கிடைத்த சிறு ஓய்வும் போயிற்று. அமெரிக்காவில் ரிவீல் என்ற புலனாய்வு ஊடகம் 2020-இல் அமேசானின் 150 கிடங்குகளின் பதிவுகளை ஆராய்ந்து, ரோபோ உள்ள கிடங்குகளில் கடுமையான காயங்களின் விகிதம் மற்றவற்றைவிட அதிகம் என்று எழுதியது. அமேசான் அதை மறுத்தது. எங்கள் இடத்தில் தோள்வலியும் இடுப்புவலியும் கூடியதை என் கண்ணால் பார்த்தேன் என்பதற்கு மேல் நான் எதையும் நிரூபிக்க வரவில்லை.

வேலை போகுமா என்பதற்கு மழுப்பாமல் சொல்கிறேன்: போகும், ஆனால் எல்லாருக்கும் அல்ல. எங்களிடம் பிக்கர்களில் பலருடைய ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கப்படவில்லை. பொருளைப் பின்னிலிருந்து எடுக்கும் கை மட்டும் இன்னும் பெரும்பாலும் மனிதக் கைதான். அமேசான் 2015-இல் சியாட்டிலில் இதற்கென்றே ஒரு ரோபோப் போட்டி நடத்தி, பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அணி வென்றது. அதன் பிறகு பத்தாண்டுகளில் முன்னேற்றம் நிறைய இருந்தாலும், வழுக்கும் பாலிதீன் உறையும் ஒன்றோடொன்று சிக்கிய பொட்டலங்களும் ரோபோவின் கைக்கு இன்னும் சோதனைதான். இன்வர்டில் சரிபார்ப்பவர், புட்-அவே செய்பவர், வித்தியாசம் ஏன் வந்தது என்று துருவிப் பார்ப்பவர், வேலிக்குள் விழுந்த பொருளை எடுக்க அந்தப் பகுதியை நிறுத்திவிட்டு உள்ளே போகும் டெக்னீஷியன் ஆகியோருக்கு வேலை கூடியது. ஸ்டாக் பிரிவைச் சுருக்கினால் முதல் விற்பனைக் காலத்திலேயே தெரிந்துவிடும்.

ஆகவே இப்போதே, ரோபோ நிறுவனத்தின் ஆட்கள் உங்கள் கிடங்குக்கு வந்து தரையில் ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்குவதற்கு முன்பே, மூன்று விஷயங்களை மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் எண்ணுவதற்கென்று எந்த ஸ்டேஷன், எத்தனை மணி நேரம் ஒதுக்கப்படும். விற்பனை நாட்களில் அதை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு உண்டு. டோட் முடிவில் வரும் வித்தியாசத்தை மூடுவதற்கு யார் கையெழுத்திட வேண்டும். வாய்ப்பேச்சாக விட்டுவிட வேண்டாம். எங்களுக்கும் வாய்ப்பேச்சாகத்தான் ஒப்புக்கொண்டார்கள். தீபாவளி வந்ததும் அப்படி ஒரு பேச்சு நடந்ததே இல்லை என்றார்கள்.