நாகைக் கால்வாயில் ஒரு சுரம்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு மார்பகப் புற்றுநோய். ஆறு கீமோவில் நான்கு முடிந்திருக்கிறது. மருந்து ஏற்றிய பிறகு நாலைந்து நாள் வாயில் இரும்பை நக்கியதுபோல ஒரு ருசி, எதுவும் உள்ளே இறங்காது. அந்த நாட்களில் நான் படிப்பது ‘பொன்னியின் செல்வன்’ மட்டும்தான். இது நான்காவது முறை. பார்க்க வந்த தோழி ஒருத்தி, “இந்த நேரத்திலுமா ராஜா ராணிக் கதை?” என்றாள். கொழுந்தனார், நோயிலிருந்து மீண்டவர்கள் எழுதிய புத்தகங்கள் மூன்று வாங்கித் தந்தார். இரண்டில் பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை, கோபம்தான் வந்தது. மூன்றாவது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நான் தப்பித்து ஓடுகிறேனா அக்கா? வாசகர்கள் இந்த இரண்டு வகைப் புத்தகத்திலும் எதைத்தான் தேடுகிறோம்? ஒரு நோட்டில் நானும் கொஞ்சம் எழுதத் தொடங்கினேன். “குணமானதும் முழுசா எழுதலாமே, இப்ப எதுக்கு?” என்கிறார் கணவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச., கும்பகோணம்

*

அன்புள்ள ச.,

உங்கள் தோழி கேட்டதை என்னிடமும் ஒருவர் கேட்டார், டயாலிசிஸ் அறை வாசலில் வைத்து. அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இரண்டரை ஆண்டு அப்படிப் போனது. ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது என்பதால் அவளால் புத்தகம் பிடிக்க முடியாது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான் வாசிப்பேன். அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே இடம்தான். மூன்றாம் பாகத்தில் அருள்மொழிவர்மர் கடும் சுரத்தில் நினைவில்லாமல் படகில் கிடப்பார். பூங்குழலியும் சேந்தன் அமுதனும் கோடிக்கரையிலிருந்து கால்வாய் வழியாக அவரை நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்துக்குக் கொண்டுபோவார்கள். அலுப்பில் நான் ஒரு பத்தியைத் தாண்டிவிட்டால், கண்ணைத் திறக்காமலே “விட்டுட்டே” என்பாள்.

அந்தச் சுரத்தில் இளவரசர் சாகமாட்டார் என்று அம்மாவுக்குத் தெரியும். அவர் ராஜராஜன் ஆக வேண்டும், 1010இல் பெரிய கோயிலை முடித்துக் குடமுழுக்கு காண வேண்டும், நடுவழியில் போய்விட அவருக்கு அனுமதியே இல்லை. 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடர் ஆரம்பித்தபோது முதல் வாரம் வாங்கியவர்களுக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டேதான் 1954 வரை வாராவாரம் கடை வாசலில் நின்றார்கள். முடிவு தெரிந்த சுரம் என்பதால்தான் அதன் பக்கத்தில் நம்மால் உட்கார முடிகிறது. நெற்றி கொதிப்பதையும் படகு போகும் வேகத்தையும் பூங்குழலியின் முகத்தையும் பயமில்லாமல் பார்க்க முடிகிறது. அம்மாவின் கட்டில் பக்கத்தில் அந்த உறுதியை எந்த மருத்துவராலும் தர முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. கால்வாயில் அது கிடைத்தது.

காதலும் அப்படித்தானே? வந்தியத்தேவன் இளவரசரின் அக்கா குந்தவையை முதலில் பார்ப்பது உங்கள் ஊரில்தான், குடந்தை சோதிடர் வீட்டில். அவன் தடதடவென்று உள்ளே நுழையும்போதே நமக்குத் தெரியும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்றே குறிக்கிறது. கல்யாணம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகும் அந்த முதல் பார்வையில் நமக்குப் படபடக்கிறது என்றால், நாம் தேடுவது முடிவை இல்லை. கைவிடப்பட மாட்டோம் என்ற தைரியத்தோடு காத்திருக்கும் சுகத்தை.

தோழியிடம் இதையும் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வரலாற்றுக் காதல் கதை என்ற வகையையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் ஜார்ஜெட் ஹேயர். அவருடைய தம்பிக்கு ரத்தம் சரியாக உறையாத நோய். அவன் உடம்பு தேறிக்கொண்டிருந்த நாட்களில் அவனுக்குப் பொழுதுபோகட்டும் என்று பதினேழு வயது அக்கா சொல்ல ஆரம்பித்த கதைதான் 1921இல் அவருடைய முதல் நாவலாக வந்தது. நோயாளியின் கட்டிலருகே பிறந்த எழுத்தை நோயாளி படிப்பது எப்படித் தப்பித்தல் ஆகும்?

இனி உங்கள் கோபம். அந்த இரண்டு புத்தகங்கள் எவை என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. ஆனால் அப்படிப்பட்டவற்றை நானும் படித்திருக்கிறேன். முதல் பக்கத்திலேயே ஆசிரியர் ஜெயித்துவிட்டிருப்பார். வாந்தியும் வலியும் அந்த ஜெயிப்புக்குப் படிக்கட்டாக வரும். ராஜராஜனுக்குச் செல்லும் உறுதியை அவர் தனக்கு எடுத்துக்கொண்டு, அதே கையோடு நமக்கும் நீட்டுகிறார். நான்கு கீமோ முடித்து ஐந்தாவதுக்குக் காத்திருப்பவருக்கு அது கொடுக்கக் கூடாத வாக்கு. உங்கள் கோபம் நியாயமானது.

இன்னொன்றும் உண்டு. நாவலில் குந்தவையின் தந்தை சுந்தர சோழரின் கால்கள் செயலற்றுக் கிடக்கின்றன. அவரைத் தூங்கவிடாமல் செய்வது இளமையில் கைவிட நேர்ந்த மந்தாகினியின் நினைவு. கதையில் நோய்க்கு ஒரு பூர்வகதை இருந்தாக வேண்டும், அது கதையின் தர்மம். வாழ்க்கையில் அதையே யாராவது சொன்னால் தாங்க முடிகிறதா? “மனசுல எதையோ போட்டு அமுக்கி வெச்சிருக்கே, அதான்” என்று அம்மாவிடம் ஓர் உறவுக்காரர் சொன்னார். அம்மா அன்று முழுவதும் பேசவில்லை. மீண்டவர்கள் எழுதும் புத்தகங்கள் பல இந்த வாக்கியத்தைத்தான் இருநூறு பக்கத்துக்கு நீட்டுகின்றன.

உண்மையான குந்தவை தன் தந்தை பெயரில் தஞ்சாவூரில் ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, இருக்க நிலம் கொடுத்தார். பாலாற்றங்கரையில் திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இன்னொரு ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது: கட்டில் பதினைந்து, வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், மருந்து பார்த்துக் கொடுக்கும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர். பிறகு மருந்துகளின் பெயரும் அளவும். அங்கே படுத்தவர்கள் ஏன் படுத்தார்கள் என்று அதில் ஒரு சொல் கிடையாது. எனக்கு அதைப் படிக்கும்போது ஏனோ தொண்டை அடைத்துக்கொள்கிறது.

நோய் பற்றிய எழுத்தில் நான் தேடுவது இந்தக் கல்வெட்டுக்காரரின் கையைத்தான். ஃபேனி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியருக்கு 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில் மார்பக அறுவை நடந்தது. மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம். ஹேயரின் பல நாவல்களில் ஆட்டமும் மெழுகுவர்த்தியும் ஜொலிப்பது இதே ஆண்டுகளில்தான். கணவருக்குத் தெரியாமல் இருக்க அவரை வெளியே போகும்படி பர்னி பார்த்துக்கொள்கிறார். அறையில் குவித்து வைத்த கட்டுத்துணிகளையும் பஞ்சையும் பார்த்துவிட்டு இங்கும் அங்கும் நடக்கிறார். கறுப்பு உடையில் ஏழு ஆண்கள் வருகிறார்கள். முகத்தின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போடுகிறார்கள். அதன் வழியாக எல்லாம் தெரிகிறது, பளபளக்கும் கத்தியும். இருபது நிமிடம் என்று அவரே எழுதுகிறார். அக்காளுக்கு எழுதிய அந்தக் கடிதத்தை முடிக்க அவருக்குப் பல மாதங்கள் ஆயின. எழுதியதைத் திரும்பப் படிக்கவே அவருக்குத் துணிவு வரவில்லை. பிறகு 1840 வரை, 87 வயது வரை வாழ்ந்தார். ஆனால் கடிதத்தில் அந்த எண்பத்தேழு இல்லை. கைக்குட்டையின் அடியில் கிடப்பவருக்கு அது தெரியாது. இருநூறு ஆண்டு கழித்தும் படிப்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்வது அதனால்தான். உங்கள் தலையணைக்கு அடியில் இருக்கும் மூன்றாவது புத்தகமும் இப்படி எழுதப்பட்டதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அம்மா போன பிறகு அவளுடைய பால் கணக்கு நோட்டைப் புரட்டினேன். பின்பக்கத்திலிருந்து தலைகீழாக வேறொரு கணக்கு எழுதியிருந்தாள். டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. “காலை அரை டம்ளர். மாத்திரைக்கு ரெண்டு வாய். ரசம் ஒரு கரண்டி. ராத்திரி ஐஸ் ஒண்ணு, சின்னது.” மறுநாள், “எடை 51.8. ரசம் ரெண்டு கரண்டி, அவகிட்ட சொல்லல.” அவள் என்பது நான். நான் படித்த நோய்க்கதைகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை. அந்த இரண்டாவது கரண்டி ரசத்தைக் குணமான பிறகு எழுத உட்காரும் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

அதனால் உங்கள் கணவரின் அன்பு புரிந்தாலும் அவர் யோசனையை நான் ஏற்கமாட்டேன். இப்போதே எழுதுங்கள். முழுசாக இருக்க வேண்டாம், தேதி மட்டும் போடுங்கள். படகு கால்வாயில் போகட்டும், சோர்ந்த நாளில் அங்கே போய்க் கிடங்கள். நோட்டில் மட்டும் விகாரத்தை இப்போதே கட்டிவிடாதீர்கள்.

கடிதத்தில் ஓர் இடத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். இரும்பு ருசி என்றீர்களே, எந்த இரும்பு? பழைய சாவியா, சின்ன வயதில் உதடு பட்ட கிணற்று வாளியா, மழையில் நனைந்த ஜன்னல் கம்பியா? ஐந்தாவது கீமோவுக்கு அடுத்த மூன்றாம் நாள், எதுவும் இறங்காமல் உட்கார்ந்திருக்கும்போது அதை எழுதி வையுங்கள். எனக்கு அனுப்ப வேண்டும் என்பதில்லை.

அன்புடன்,
அக்கா