வேலையிடத்துப் படபடப்பு வீட்டுக்கும் கூடவே வந்துவிடுகிறது, என்ன செய்வது?

கேட்டவர் வங்கியில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் "லாக்கர் அறையைப் பூட்டினேனா, அந்த வவுச்சரில் கையெழுத்து வாங்கினேனா" என்று மனசு அதையே சுற்றுகிறது, ராத்திரி, தன்னோடு வேலை பார்ப்பவருக்குப் போன் போட்டுக் கேட்டால்தான் தூக்கம் வருகிறது என்று எழுதியிருக்கிறார். நான் வங்கி இல்லை, நர்ஸ். ஆனாலும் இது அப்படியே என் கதை.

எங்கள் ஊர் புளியரை பக்கம். வேலை மலைக்கு அந்தப் புறம், கேரளாவில் புனலூர் வட்டாரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். நைட் டியூட்டி முடிந்து, ஹேண்ட்ஓவர் கொடுத்து, செங்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் இடமண் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிடும். 12-ஆம் பெட்டுக்கு இன்சுலின் போட்டதைச் சார்ட்டில் எழுதினேனா? எழுதினேன். யூனிட் சரியாக எழுதினேனா? நெஞ்சு அடிக்கும், உள்ளங்கை சில்லிடும், வயிற்றைக் கலக்கும். மலையாளத்தில் இதற்கு வெப்ராளம் என்று ஒரு சொல் இருக்கிறது, நாகர்கோவில் பக்கத்துத் தமிழிலும் கேட்டிருக்கிறேன், பதற்றம் என்பதைவிட இதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. உடனே வார்டுக்குப் போன் போடுவேன். "சேச்சி, அந்தச் சார்ட்டு ஒன்னு நோக்காமோ?" அவர் பார்த்துவிட்டு, "எல்லாம் உண்டு மோளே, நீ போயி உறங்கு" என்பார். அப்பாடா என்றிருக்கும். அந்த அப்பாடா கழுதுருட்டி பதிமூணு கண் பாலம் வரைக்கும்கூடத் தாங்காது, அதற்குள் அடுத்த சந்தேகம் வந்துவிடும்.

அம்மா இதைப் பயந்த கோளாறு என்று சொல்லி ஆரியங்காவு கோயிலில் இருந்து கயிறு வாங்கி வந்து கட்டினாள். கயிறு இன்னும் கையில்தான் இருக்கிறது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மாற்றம் வந்தது வேறு விதமாக. ஒரு நாள் புளியரை எஸ் வளைவில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது (அந்த ரோட்டில் போகிறவர்களுக்கு இது புதுசில்லை). மேலே காட்டுக்குள் எங்கள் பஸ் நின்ற இடத்தில் என் போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. அன்றைக்குப் பொட்டாசியம் போட்ட ஒரு நோயாளியைப் பற்றிய சந்தேகம் வேறு. கேட்கவும் முடியாது, இறங்கிப் போகவும் முடியாது. ஏறிக்கொண்டே போனது, வாந்தி வந்துவிடும் என்று நினைத்தேன், பக்கத்து சீட்டுக்காரம்மா தண்ணீர் கொடுத்தார். அப்புறம், எப்போது என்று தெரியவில்லை, அரை மணி நேரம் இருக்கலாம், ரோட்டோரத்தில் ஒரு குரங்கு பன் பொட்டலத்தைப் பிரிக்கிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தேகத்துக்குப் பதில் கிடைக்கவில்லை. படபடப்பு மட்டும் தானாக இறங்கியிருந்தது.

எனக்கு அதுவரை, பதில் கிடைத்தால்தான் இது இறங்கும் என்ற எண்ணம். பிறகு ஒரு மனநல ஆலோசகர் விளக்கினார்: ஒவ்வொரு முறை போன் போட்டுச் சரிபார்க்கும்போதும், "ஆபத்து நிஜம், போன்தான் காப்பாற்றியது" என்று உடம்புக்கு நாமே பாடம் எடுக்கிறோம். அடுத்த தடவை அது இன்னும் சீக்கிரம் மணி அடிக்கும். அதனால் சிகிச்சையிலேயே சரிபார்ப்பதை வேண்டுமென்றே தள்ளிப்போட வைக்கிறார்கள். நான் முதலில் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை போன் போடக்கூடாது என்று வைத்துக்கொண்டேன், அப்புறம் சாப்பிட்டு முடியும்வரை, அப்புறம் அடுத்த டியூட்டிவரை. கூடவே ஒன்று, வேலையைச் செய்யும்போதே வாய்விட்டுச் சொல்வது: "12-ஆம் பெட், எட்டு யூனிட், எழுதியாச்சு." கை பழகிப்போன வேலையை நாம் யோசிக்காமலே செய்வதால்தான் பின்னால் நினைவுக்கு வருவதில்லை. நீங்களும் பூட்டும்போது "பூட்டியாச்சு, சாவி கையில்" என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் ஒரே ஒரு தடவைதான், மூன்று தடவை சொன்னால் அதுவும் இன்னொரு போனாகிவிடும்.

இனி நிறுவனத்துப் பக்கம். இதைச் சொல்லாமல் மூச்சுப் பயிற்சியை மட்டும் சொல்லிக் கொடுப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஒரு முறை எங்கள் ஆஸ்பத்திரியில் பெட் மாறி மருந்து போய்விட்டது, நல்லவேளை ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரமே எல்லா மருந்துக்கும் மூன்று கையெழுத்து என்று வந்தது. இன்சுலின், ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் இருக்கப் போடுவது), பொட்டாசியம் போல அளவு தப்பினால் ஆபத்தானவற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பது நல்ல வழக்கம், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். பாராசிட்டமாலுக்கும் மூன்று கையெழுத்து என்றால் என்ன நடக்கும்? எனக்கு முன்னால் ஒருத்தி பார்த்திருப்பாள், எனக்குப் பின்னால் இன்சார்ஜ் பார்ப்பார் என்று யாருமே பார்ப்பதில்லை. ஆனால் பயம் மட்டும் மூன்று பேருக்கும் முழுசாக இருக்கும்.

1950களின் கடைசியில் இசபெல் மென்சீஸ் என்ற மனப்பகுப்பாய்வாளர் லண்டனில் ஒரு பெரிய போதனா மருத்துவமனையின் செவிலியர் பிரிவைப் போய்ப் பார்த்திருக்கிறார். அவர் எழுதியதைக் கேட்டபோது எங்கள் வார்டையே பார்த்த மாதிரி இருந்தது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு நர்ஸ் ஒரு நோயாளியோடு அதிக நேரம் இருக்காதபடி செய்வது, ஆளைப் பேர் சொல்லாமல் பெட் நம்பரும் நோயுமாகக் கூப்பிடுவது, எந்த முடிவையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது, பொறுப்பை மேலே தள்ளிவிடுவது. இதெல்லாம் நோயும் சாவும் தரும் பதற்றத்தைத் தூரத்தில் வைப்பதற்காக அந்த அமைப்பு தானறியாமல் கட்டிக்கொண்ட வேலி என்கிறார். வேலி பதற்றத்தைத் தீர்க்கவில்லை, புதுசாக இன்னொரு பதற்றத்தைக் கொண்டுவந்தது. பயிற்சிக்கு வந்த மாணவிகளில் மூன்றில் ஒரு பங்கு பேர் முடிக்காமலேயே போய்விட்டார்களாம்.

இதைத் தெரிந்துகொண்டதில் எனக்குக் கிடைத்த லாபம், மேலே இருப்பவர் கத்தும்போது அந்தச் சத்தம் முழுவதும் எனக்கானது இல்லை என்று பிரித்துப் பார்க்க முடிந்ததுதான். அவருக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே ஆடிட். உங்கள் மேனேஜருக்கும் ஒரு மண்டல அலுவலகம் இருக்குமே. அது கீழே வழிந்து கடைசியில் கௌண்டரில் உட்கார்ந்திருப்பவர் வயிற்றில் வந்து நிற்கிறது. எங்கள் ஆஸ்பத்திரி இதற்கு ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் வகுப்பு வைத்தது, அதுவும் நைட் டியூட்டி முடிந்த உடனே, வராதவர்களுக்கு மெமோ. உண்மையில் உதவியது புதிதாக வந்த ஒரு இன்சார்ஜ் சிஸ்டர். ஹேண்ட்ஓவரில் கடைசியாக, "எந்தெங்கிலும் சம்ஷயம் உண்டோ?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். சந்தேகத்தை அங்கேயே போட்டுவிட்டு வருவோம். சந்தேகத்தைச் சொன்னால் திட்டு விழாது என்று தெரிந்த வார்டில் பஸ்ஸில் இருந்து போன் குறைவு.

உடம்பைப் பற்றி சுருக்கமாக. முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும். காபி, டீயைக் குறைத்துப் பாருங்கள். திடீரென்று உச்சத்துக்கு ஏறும் பேனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கும். அப்போது மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு தணியும். ராத்திரி காஷுவாலிட்டிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் சின்னப் பையன்களுக்கு ஈசிஜி எடுத்துவிட்டு "ஒன்றுமில்லை, டென்ஷன்" என்று அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றுமில்லாமலா அர்த்த ராத்திரியில் ஆட்டோ பிடித்து வருவார்கள்?

மாதக்கணக்கில் தூக்கமும் வேலையும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரிடம் போக யோசிக்காதீர்கள். அவர்கள் தரும் மாத்திரைகளில் பல, வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் எடுக்கும், நாலு நாளில் நிறுத்திவிட்டு "கேட்கலை" என்பதில் அர்த்தமில்லை. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம், பழகிவிடும். போக முடியாத ராத்திரிக்கு டெலி மானஸ் என்ற மனநல உதவி போன் இருக்கிறது, எண் 14416, மத்திய அரசு 2022-இல் தொடங்கியது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

போனை நிறுத்திய முதல் வாரம் எனக்குக் குறையவில்லை, கூடித்தான் போனது. மூன்றாம் நாள் கோட்டைவாசலில் சிக்னல் இருந்தும் போனைப் பைக்குள் அடியில் போட்டு மேலே சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இன்று ராத்திரி அந்த நண்பருக்குப் போன் போடாமல் இருந்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நீங்கள் கூப்பிட்டாலும் எடுக்க வேண்டாம் என்று.