ஜாதிக்காய் சர்பத்தும் அம்மாவின் முழங்காலும்

கேள்வி: அடுத்த மாதம் பட்டர்வொர்த்தில் எனக்குத் திருமணம். எனக்கும் அவருக்கும் வேலை கோலாலம்பூரில். வரும் 400 பேருக்கும் டோர் கிஃப்டாக, வீட்டில் செய்த ஜாதிக்காய் ஜூஸை அப்படியே குடிக்கிற மாதிரி சின்னக் கண்ணாடிப் போத்தலில் கொடுக்க ஆசை. எங்கள் இருவர் பெயரும் போட்டு லேபிள்கூட அச்சடித்தாகிவிட்டது. இரண்டு வாரம் முன்பே செய்து வைத்தால் கெடாமல் இருக்குமா? அம்மா காய்ச்சிவிடுவார். முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமாகிறது, இப்போது நன்றாக நடக்கிறார்.
– வாசகி, கோலாலம்பூர்

பதில்: கெட்டுப்போகும். தண்ணீர் கலந்த ஜூஸ் நம் ஊர் வெக்கையில் மூன்று நான்கு நாளிலேயே நுரை கட்டலாம். மூடி இறுக்கமாக இருந்தால் போத்தலே வெடிக்கும். அதற்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கடிதத்தின் கடைசி வரி.

ஆபரேஷன் முடிந்து மூன்றே மாதம் ஆனவரை 400 போத்தலுக்கு அடுப்படியில் நிறுத்தப் போகிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? ஆளுக்கு 100 மில்லி என்றாலே 40 லிட்டர். வீட்டு அடுப்பில் ஏறுகிற பானையில் ஒரு நடைக்கு 6 லிட்டர் காய்ச்சலாம். அப்படியானால் ஏழு நடை. நடைக்கு இரண்டு மணி நேரம் வைத்தால் 14 மணி நேரம் நின்றபடி வேலை. போத்தல் கழுவுவது இதில் சேரவில்லை. கோயிலுக்கு நடந்து போய் வருவதும், கொதிக்கிற பானையைத் தூக்கி இறக்குவதும் ஒன்றா?

‘அம்மா காய்ச்சிவிடுவார்’ என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, ‘அம்மாவைக் கேட்டேன்’ என்று எழுதவில்லை. கேட்டாலும் மகள் கல்யாணத்துக்கு முடியாது என்று எந்தத் தாய் சொல்வார்? சொல்லமாட்டார் என்று தெரிந்துதானே கேட்காமல் விட்டீர்கள்? அவர்தான் காய்ச்சப் போகிறார் என்றால் அந்த லேபிளைக் கிழித்துவிட்டு அவர் பெயரைப் போடுங்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெற்றவள் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற சொந்தபந்தத்தோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு வழி செய்வது பிள்ளைகளின் கடமை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இனி செய்ய வேண்டியது. தாம்பூலப் பை குடும்பத்துக்கு ஒன்று என்பதுதான் நம் வழக்கம். தலைக்கு ஒன்று என்பது இந்த டோர் கிஃப்ட் வந்த பிறகு ஒட்டிக்கொண்டது. 400 பேர் என்றால் ஏறக்குறைய 150 குடும்பம். 150 போத்தல் போதும். ஜூஸாக வேண்டாம், தண்ணீர் கலந்து குடிக்கிற கெட்டிச் சர்பத்தாகக் கொடுங்கள். கெடாமல் காப்பது சீனியும் புளிப்பும்தான்.

பினாங்குத் தீவில் பாலிக் புலாவ் பக்கம் 9 கிலோ ஜாதிக்காய்ப் பழம் வாங்குங்கள். பிளந்து கொட்டையை நீக்கி, சதையை உடனே உப்புத் தண்ணீரில் போடுங்கள், இல்லையென்றால் கறுக்கும். மெல்லியதாக நறுக்கி, கிலோவுக்கு 1.2 லிட்டர் தண்ணீர் விட்டு, சிறு தீயில் அரை மணி நேரம் வேகவைத்துத் துணியில் பிழியுங்கள். சாறு புளிக்கும் என்பதால் எவர்சில்வர் பானைதான், அலுமினியம் ஆகாது. வாசனைக்கு இரண்டு இதழ் ஜாதிபத்திரி போடலாம். கொட்டையை அரைத்துக் கலக்காதீர்கள், அளவு மீறினால் மயக்கமும் வாந்தியும் வரும்.

1 லிட்டர் சாற்றுக்கு 1.8 கிலோ சீனி, 10 கிராம் சிட்ரிக் அமிலம். சீனி கரைந்து ஒரு கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டு இறக்குங்கள். இன்னும் கெட்டியாகட்டும் என்று வற்றவிட்டால் ஆறியபின் அடியில் கல்கண்டு போல உறையும். 7 லிட்டர் சாற்றுக்கு 13 கிலோ சீனி வாங்கினால் 15 லிட்டர் சர்பத் தேறும்.

பெரும்பாலும் கோட்டை விடுவது போத்தலில்தான். கழுவிய போத்தலைப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிட்டுச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடியுங்கள். போத்தல் சூடாக இருக்கும்போதே, 85 டிகிரிக்குக் குறையாத சர்பத்தை ஊற்றுங்கள். குளிர்ந்த போத்தலில் ஊற்றினால் கண்ணாடி விரியும். மேலே ஒரு சென்டிமீட்டர் இடம் விட்டு, திருகு மூடி போட்டு மூன்று நிமிடம் தலைகீழாக நிறுத்துங்கள். அழகுக்காகக் கார்க் வேண்டாம். ஆறியதும் ஒவ்வொன்றையும் குலுக்க வேண்டும். மூடிக்கு அடியில் நீராவி நீராகிச் சொட்டி, மேல்பரப்புச் சர்பத்தை நீர்க்கச் செய்யும். பூஞ்சணம் பிடிப்பது அந்த மெல்லிய ஏட்டில்தான்.

மூன்று நடையில் முடிகிற இந்த வேலைக்கு ஒரு சனி, ஞாயிறு போதும். கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் பட்டர்வொர்த்துக்கு நாலு மணி நேரம்தான். மாப்பிள்ளையையும் அழைத்துப் போங்கள், லேபிளில் அவர் பெயரும் இருக்கிறதே. அவர் பானை தூக்கட்டும். ஒன்றுவிட்ட தம்பி தங்கைகள் கோத்தோங் ரோயோங் மாதிரி எல்லாரும் கூடி வந்து போத்தல் கழுவட்டும். அம்மாவுக்கு ஒரே வேலை, உட்கார்ந்தபடி ருசி பார்த்துச் சொல்வது.

லேபிளுக்குக் கீழே இன்னொரு வரி ஒட்டுங்கள்: ஒரு பங்கு சர்பத்துக்கு நாலு பங்கு குளிர்ந்த தண்ணீர், செய்த தேதி இது. இரண்டு போத்தலைச் சமையலறையில் நிறுத்திவைத்துத் தினமும் பாருங்கள். குமிழி தெரிந்தால் அந்த நடையில் ஊற்றிய எதையும் கொடுக்காதீர்கள். எந்தப் போத்தல் எந்த நடை என்று தெரிய மூடியில் 1, 2, 3 என்று மார்க்கரால் எழுதிவைப்பது நல்லது.