தொழில்நுட்பம் வேலையைக் குறைக்கத்தானே வந்தது, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏன் இவ்வளவு மன அழுத்தம்?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். குறைக்கத்தான் வந்தது, ஆனால் பழைய வேலை எதுவும் போகவில்லை. அதுதான் என் பதில்.

கணினியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அறுவடை முடிந்து எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பினால், எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள எண்) வைத்தே பிள்ளையின் விவரம் புதுப் பள்ளிக்குப் போய்விடுகிறது. நல்ல விஷயம். ஆனால் செயலியில் போட்ட வருகையைப் பதிவேட்டிலும் எழுதுகிறோம். மதிப்பெண்ணும் அப்படித்தான். அப்புறம் அதையே எக்செல்லில் கேட்டு, "இன்று மாலைக்குள்" என்று வாட்ஸ்அப் செய்தி வரும்.

பெற்றோரின் செல்பேசி எண்ணை ஓடிபி வாங்கிச் சரிபார்த்த நாட்கள் இன்னும் மோசம். சம்பா நடவு நேரம். அம்மா வயலில், ஃபோன் வீட்டில். சாயங்காலம் எடுத்தாலும், "ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க சார்" என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதானே? அவர்களை வற்புறுத்துகிற இடத்தில் என்னை நிறுத்தியதுதான் எனக்கு வலித்தது. அந்த நேரத்தில் என் வகுப்பில் மெல்லக் கற்கும் பிள்ளைகள் காரணிப்படுத்தலில் திணறிக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போகும், சிக்னலும் போகும். கெடு மட்டும் மாறாது.

1984-லேயே கிரெய்க் பிராட் என்ற அமெரிக்க உளவியலாளர் தொழில்நுட்பத்தால் வரும் அழுத்தத்தைப் பற்றி எழுதினார். புதுக் கணினித் தொழில்நுட்பத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் வருவது என்றார். நான் பார்க்கும் அழுத்தம் அது இல்லை. ஓய்வுபெற இரண்டு வருடமே இருக்கும் எங்கள் தமிழ் ஐயா ஸ்மார்ட் போர்டை அழகாகக் கையாள்கிறார். இரவு ஒன்பதரைக்கு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி சத்தம் கேட்டால்தான் அவருக்கு முகம் மாறுகிறது. அறியாமை என்று சொல்லி இன்னொரு பயிற்சி வகுப்பு வைப்பதால் இது தீராது.

எங்களுக்கு உதவியது ஒன்றுதான். தலைமை ஆசிரியரிடம் பேசி, மாலை ஆறு மணிக்கு மேல் மழை விடுமுறைச் செய்தி தவிர குழுவில் எதுவும் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். மேலிருந்து எது வந்தாலும் அவர் காலையில்தான் சொல்கிறார். பலருக்குத் தூக்கம் திரும்பியிருக்கிறது. பிரான்ஸில் 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பில் இல்லாதிருக்கும் உரிமை பற்றித் தொழிலாளர் தரப்போடு பேச வேண்டும் என்று 2017 முதல் சட்டமே இருக்கிறது. இங்கே ஒரு நல்ல மனிதரை நம்பி நடக்கிறது. அவர் மாறுதலில் போய்விட்டால் எங்கள் கதி என்ன? ஒரு விவரத்தை ஒரு தடவைதான் கேட்கலாம், மாலைக்கு மேல் கேட்கக்கூடாது என்று அரசாணையாகவே வர வேண்டும்.